சத்தம் போனால் வால்வு போய்விட்டது என்று அர்த்தமில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழில், வீட்டிலேயே வால்வு (பழைய ரேடியோவில் இருக்குமே, அந்தக் கண்ணாடிக் குழாய்) ஆம்ப்ளிஃபயர் செய்து கிட்டார் வாசிக்கும் பையன்களைப் பற்றி ஒரு பக்கம் வந்திருந்தது. படங்கள் நன்றாக இருந்தன. வால்வுக்குள் தெரியும் அந்த ஆரஞ்சு வெளிச்சத்தைச் செய்தித்தாளில் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று! மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஆனால் கட்டுரையின் கடைசியில் இரண்டு வரி. சத்தம் நின்றுபோனால் பழைய வால்வைப் பிடுங்கிவிட்டுப் புதியதைச் செருகினால் சரியாகிவிடுமாம். பயப்பட ஒன்றுமில்லையாம், வீட்டில் பல்பு மாற்றுகிற மாதிரிதானாம்.

அந்த இரண்டு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். முதல் வரியை நம்பினால் பணம் போகும். இரண்டாவது வரியை நம்பினால் ஆளே போகலாம்.

நான் ரயில்வேயில் டெலிகாம் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். அதற்கு முன்னால், 1969-ல், 16 வயதில் திருச்சி பாலக்கரையில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். மர்ஃபி, புஷ், பிலிப்ஸ் என்று மரப்பெட்டி ரேடியோக்கள் சுவரோரம் அடுக்கியிருக்கும். சுவிட்சைப் போட்ட உடனே எதுவும் பாடாது. வால்வு சூடேற அரை நிமிடம் ஆகும், முகப்பில் பச்சைக் கண் மாதிரி இருக்கும் விளக்கு மெல்ல விழிக்கும், அப்புறம்தான் இலங்கை வானொலி. ரேடியோ வைத்திருப்பதற்குத் தபால் ஆபீஸில் லைசென்ஸ் கட்டிய காலம் அது. முதல் ஆறு மாதம் முதலாளி என் கையில் ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் அயர்னைத் தரவே இல்லை. தூசு தட்டுவதும், வால்வு செருகுகிற சாக்கெட்டின் காலைப் பிளேடால் சுரண்டுவதும்தான் வேலை. அப்போது எரிச்சலாக இருந்தது. அந்தச் சுரண்டும் வேலைக்கும் இந்தக் கடிதத்துக்கும் தொடர்பு உண்டு, வருகிறேன்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம். நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே பணிமனை பொன்மலைக்கு மாறிய நாளிலிருந்தே அவர்கள் சனம் இந்தக் காலனியில் உண்டு. அந்த வீட்டுப் பெரியவர் இன்ஜின் டிரைவர், என் சிநேகிதர். கிறிஸ்துமஸ் சமயத்தில் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் நடனம் நடந்தால் கிட்டார் அவர்தான். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், கிட்டார் பேரன் கைக்கு வந்திருக்கிறது. பேரன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான், கோயில் பாடகர் குழுவில் வாசிக்கிறான். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் ஒரு காகிதத்தை நீட்டினான். "தாத்தா, இதை நாமே செய்ய முடியுமா?"

வாங்கிப் பார்த்தேன். மொத்தமே மூன்று வால்வு. நான் பிரித்து மாட்டிய ரேடியோக்களைவிட எளிய சர்க்யூட். ஃபெண்டர் சாம்ப், 5எஃப்1 என்று தலைப்பில் போட்டிருந்தது. சின்ன கிட்டார் ஆம்ப்ளிஃபயர் அது. 5 என்றால் ஐம்பதுகளில் வந்தது, எஃப் என்றால் ஆறாவது தடவை திருத்திய சர்க்யூட், 1 என்பது சாம்ப் மாடலின் எண் என்று பையன் விளக்கினான். இதைச் செய்த லியோ ஃபெண்டர் 1938-ல் கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தவராம். கிட்டார் செய்து உலகப் பெயர் வாங்கினாரே தவிர, அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாதாம். எனக்கும் தெரியாது. அதைக் கேட்டதிலிருந்து அந்த மனிதர்மேல் ஒரு பாசம்.

கிட்டார் சத்தத்தை முதலில் வாங்கிப் பெரிதாக்குவது 12ஏஎக்ஸ்7 என்கிற சின்ன வால்வு. எங்கள் காலத்தில் இசிசி83 என்போம், இரண்டும் ஒன்றுதான். அடுத்தது 6வி6. ஸ்பீக்கரை ஆட்டுகிற பலசாலி அதுதான். மூன்றாவது 5ஒய்3, மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கித் தருவது. (12ஏஎக்ஸ்7 கடைக்கு வந்தது 1947 செப்டம்பரில். அதே வருடம் டிசம்பரில் டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பிறந்த மூன்றாம் மாதமே எமன் வந்தும் இன்றைக்கு வரைக்கும் சாகாமல் இருக்கிறது அந்த வால்வு.)

டிரான்ஸ்ஃபார்மர் இரண்டையும் திருச்சியிலேயே சொல்லிச் சுற்ற வைத்தோம். சாக்கெட்டும் 5ஒய்3-யும் என் பழைய டப்பாவிலிருந்து. 6வி6 மட்டும் ஸ்லோவாக்கியாவில் செய்தது, ஆன்லைனில் வரவழைத்தோம். மூன்று மாத வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். வெளியே வருவது ஐந்து வாட்தான். சிரிக்காதீர்கள், வால்யூமை முழுக்க வைத்தால் தெருக்கோடி நாய் எழுந்து நிற்கும்.

எல்லாம் முடிந்து நன்றாகப் பாடிய அன்றைக்கு ஒரு காரியம் செய்தேன். மீட்டரை எடுத்து ஒவ்வொரு வால்வின் ஒவ்வொரு காலிலும் எத்தனை வோல்ட் இருக்கிறது என்று அளந்து, ஒரு காகிதத்தில் எழுதிப் பெட்டிக்குள் ஒட்டினேன். மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற முதல் கண்டென்சரில் 362. 6வி6-க்குள் கரண்ட் நுழைகிற பிளேட், அதாவது மூன்றாம் கால், 348. கரண்ட் வெளியேறுகிற கேத்தோடு, எட்டாம் கால், 20. பையன் சிரித்தான். "ஜாதகம் எழுதுறீங்களா தாத்தா?" என்றான். ஆமாம் என்றேன்.

ஒன்றரை வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. போன டிசம்பரில் கேரல்ஸ் ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோதுதான் போனது. ஒரேயடியாக அறுந்த மாதிரி இல்லையாம். முதலில் மூக்கடைத்த மாதிரி ஆகி, கரகரவென்று இழுத்து, தேய்ந்து, அடங்கிவிட்டதாம். பைலட் விளக்கு எரிகிறது, மூன்று வால்வும் ஒளிர்கிறது, ஸ்பீக்கரில் மட்டும் மூச்சு இல்லை. கூட இருந்த ஒருவன் உங்கள் கட்டுரை சொன்ன அதே வைத்தியத்தைச் சொல்லியிருக்கிறான். பையனும் கைக்காசு 2,500 ரூபாய் போட்டு ஒரு புது 6வி6 வாங்கிவிட்டான். மாட்டினான். பாடியது! என்னிடம் வந்து சொன்னான், நானும் சரிதான் என்று விட்டுவிட்டேன். அது என் தப்பு.

மறுநாள் இருபது நிமிடம் பாடி மறுபடியும் படுத்துக்கொண்டது. இங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறோம். புது வால்வு வந்துசேர நாலைந்து நாளாகும். அதற்குள் பெட்டி நன்றாக ஆறிவிடும். சூட்டில் விட்டுப்போகிற கோளாறு ஆறினால் தானாகவே கூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் எதை மாற்றினாலும் அதனால்தான் சரியாயிற்று என்று தோன்றும். பழைய வால்வையே கழற்றி மாட்டியிருந்தாலும் அன்றைக்குப் பாடியிருக்கும்.

இரண்டாவது தடவை நின்றதும் பையனுக்குச் சின்ன வால்வின்மேல் சந்தேகம். பல்பு மாற்றுகிற மாதிரிதானே? சுவிட்ச் ஆனில் இருக்கும்போதே 12ஏஎக்ஸ்7-ஐத் துணியால் பிடித்துக் கழற்றி, தட்டிப் பார்த்திருக்கிறான். அப்புறம் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். நடுவில் பாட்டி காபி கொடுத்திருக்கிறாள், இருபது நிமிடமாவது ஆகியிருக்கும். என் மேஜைமேல் வைத்து, பின்பலகையைக் கழற்றி, "இந்த இடத்துலதான் தாத்தா ஏதோ" என்று விரலை உள்ளே நீட்டினான்.

அவன் கையை ஓங்கி அடித்தேன். அந்தப் பையனை நான் தொட்டு அடித்தது அது ஒரு தடவைதான்.

முள் மீட்டரை எடுத்து முதல் கண்டென்சரில் வைத்தேன். பிளக் அவன் தோளில் தொங்குகிறது. முள் 240 வோல்ட்டில் போய் நின்றது.

ஆசிரியர் ஐயா, இடமில்லாமல் கடிதத்தை வெட்ட வேண்டி வந்தால் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், இந்தப் பகுதியை மட்டும் விட்டுவிடுங்கள். வால்வு பெட்டிக்குள் 300, 400 வோல்ட் நேர்மின்சாரம் ஓடுகிறது. அதைச் சேர்த்து வைப்பது கண்டென்சர். பிளக்கைப் பிடுங்கியதும் வீட்டு மின்சாரம் நின்றுவிடும், கண்டென்சரில் நிரம்பியது நிற்காது. நன்றாக ஓடுகிற பெட்டியில், அணைத்த பிறகும் சில நொடி வால்வுகள் சூடாக இருந்து அந்தச் சேமிப்பைக் குடித்துத் தீர்த்துவிடும். அதனால்தான் பலருக்கு இந்த ஆபத்தே தெரியாமல் காலம் ஓடுகிறது. கோளாறான பெட்டியில் அந்தக் கணக்கு தப்பிவிடும். எங்கள் பெட்டியில் பெரிய வால்வு குடிப்பதை நிறுத்திவிட்டது, அதுதான் வியாதியே. மிச்சம் இருந்தது சின்ன வால்வு, அதையும் பையன் ஓடும்போதே பிடுங்கிவிட்டான். குடிக்க ஆளில்லாத தண்ணீர் தொட்டி மாதிரி அப்படியே நின்றிருக்கிறது. ஒரு கை கண்டென்சரிலும் மறு கை சேசிஸிலும் (பாகங்களைப் பொருத்தியிருக்கிற உலோகத் தட்டு) பட்டிருந்தால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போயிருக்கும்.

அதை இறக்க நான் வைத்திருப்பது ஒரு சாதாரணப் பொருள். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டன்ஸ் ஒன்று, இரண்டு பக்கமும் வயர் வைத்து முதலைக் கிளிப், முழுக்க இன்சுலேஷன் சுற்றியது. ஒரு கிளிப்பை முதலில் சேசிஸில் கவ்வவிட வேண்டும். மற்றதைக் கண்டென்சரின் பாசிட்டிவில் வைத்துப் பத்து எண்ண வேண்டும். எண்ணியது போதாது, மீட்டர் வைத்து முள் கீழே இறங்கியதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விரல். ஸ்க்ரூடிரைவரால் படாரென்று ஷார்ட் செய்கிறவர்களும் உண்டு. தீப்பொறி பறக்கும், கண்டென்சருக்கும் கேடு, பக்கத்தில் நிற்பவனுக்கும் கேடு.

எங்கள் முதலாளி ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்தார். கரண்டில் அளக்கும்போது ஒரு கைதான் வேலை செய்ய வேண்டும். அந்நியநாட்டு மெக்கானிக்குகள் இன்னொரு கையைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொள்வார்களாம். முதலாளி வேட்டி கட்டுகிறவர். அதனால் இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்து, வேட்டி முடிச்சைப் பிடித்துக்கொள்வார். தூரத்திலிருந்து பார்த்தால் வாத்தியார் பரீட்சை ஹாலில் நிற்கிற மாதிரி இருக்கும். எனக்கும் அந்தப் பழக்கம்தான், இன்றைக்கும்.

சரி, கோளாறுக்கு வருகிறேன்.

முதலில் வெளியே உள்ளதைப் பார்த்தோம். கிட்டார் வயரை மாற்றினோம், அதில் குறையில்லை. ஸ்பீக்கரின் வயரைக் கழற்றி ஒரு டார்ச் பேட்டரியைத் தொட்டால் டப் என்று கூம்பு அசைந்தது, ஸ்பீக்கரும் நன்று. உடனே திரும்ப மாட்டினேன். வால்வு ஆம்ப்ளிஃபயரை ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டக் கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் உள்ளுக்குள் எரிந்து போகலாம். அப்புறம் சீரிஸ் பல்பு வழியாகக் கரண்ட் கொடுத்தேன். 60 வாட் குண்டு பல்பு, எங்கேயாவது ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து காட்டிக்கொடுக்கும். இந்தப் பழைய குண்டு பல்பு இப்போது கடைகளில் கிடைப்பதே அபூர்வம். எல்இடி பல்பு இதற்கு உதவாது. மூன்று வைத்திருக்கிறேன், யாருக்கும் தருவதில்லை. பல்பு மங்கலாகவே இருந்தது. ஷார்ட் இல்லை. பல்பை விலக்கி நேர் கரண்ட் கொடுத்தோம்.

சாம்ப் மாதிரியான ஒற்றைப் பவர் வால்வு பெட்டியில், கிட்டார் இல்லாவிட்டாலும் ஸ்பீக்கரில் காதை வைத்தால் 'ம்ம்' என்று ஒரு முனகல் இருக்கும். இல்லாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். எங்கள் பெட்டியில் அந்த முனகலும் இல்லை. வெறும் கிட்டார் சத்தம் மட்டும் போயிருந்து முனகலும் இரைச்சலும் இருந்தால், கோளாறு முன்பக்கம், சின்ன வால்வு அல்லது வால்யூம் கன்ட்ரோல் பக்கம் இருக்கும். இங்கே மயான அமைதி. அப்படியானால் கடைசிப் பக்கம்: பவர் வால்வு, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், அல்லது ஹெச்.டி. சப்ளை, அதாவது அந்த 300, 400 வோல்ட்டைத் தருகிற பகுதி.

முள் மீட்டரை முதல் கண்டென்சரில் வைத்தேன். 430.

பையனுக்கு ஏமாற்றம். "இருக்கே தாத்தா, நிறையவே இருக்கே" என்றான். நிறைய இருப்பதுதான் விஷயம் என்று ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினேன். அதில் 362. பாரம் இல்லாத வண்டி துள்ளுகிற மாதிரி, குடிக்கிற வால்வு குடிக்காமல் இருந்தால் வோல்ட் மேலே ஏறும். (கண்டென்சரில் 450 வோல்ட் என்று போட்டிருக்கிறது. ராத்திரியில் எங்கள் லைனில் 245 வரைக்கும் வருவதுண்டு. அந்த நேரத்தில் இப்படி நின்றிருந்தால் கண்டென்சரும் வெடித்திருக்கலாம்.) அடுத்து 6வி6-ன் மூன்றாம் கால். அங்கேயும் 430. காகிதத்தில் இரண்டுக்கும் 14 வோல்ட் வித்தியாசம். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் கம்பிச் சுற்றில் கரண்ட் ஓடினால் அங்கே கொஞ்சம் இறங்கித்தான் ஆக வேண்டும். இப்போது இறங்கவே இல்லை. ஆக டிரான்ஸ்ஃபார்மர் அறுந்துபோகவில்லை, அறுந்திருந்தால் மூன்றாம் காலில் ஒன்றுமே இருக்காது. டிரான்ஸ்ஃபார்மர் நல்லது, சப்ளை நல்லது, வால்வு புதிது. ஆனாலும் கரண்ட் ஓடவில்லை. நாலாம் காலிலும், அதாவது ஸ்க்ரீனிலும் வோல்ட் இருக்கிறது. மிச்சம் எட்டாம் கால்.

கேத்தோடிலிருந்து ஒரு சின்ன வயர் போர்டுக்குப் போகிறது. அங்கே 470 ஓம் ரெசிஸ்டன்ஸ் ஒன்று, பக்கத்தில் 25 மைக்ரோ கண்டென்சர் ஒன்று, அதோடு தரை. வால்வில் ஓடுகிற மொத்தக் கரண்டும் இந்த ரெசிஸ்டன்ஸ் வழியாகத்தான் இறங்குகிறது. 20 வோல்ட்டை 470-ஆல் வகுத்தால் 43 மில்லி ஆம்பியர், கிட்டத்தட்ட ஒரு வாட் சூடு. பல பேர் இங்கே அரை வாட், ஒரு வாட் ரெசிஸ்டன்ஸ் போட்டுக் கருக்குவார்கள். நான் 5 வாட் போட்டிருந்தேன். அணைத்து, சேமிப்பை இறக்கி, ஓம்ஸில் அளந்தேன். 468. கல் மாதிரி இருக்கிறது. மறுபடி கரண்ட் கொடுத்து எட்டாம் காலில் மீட்டர் வயரின் நுனியில் இருக்கிற ஊசியை வைத்து அழுத்தினேன். 20 வோல்ட். காகிதத்தில் உள்ள அதே 20.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. 20 இருந்தால் கரண்ட் ஓடுகிறது என்று அர்த்தம். கரண்ட் ஓடினால் முதல் கண்டென்சரில் 430 நிற்காது. ஊசியை எடுத்து அங்கே வைத்தால் 430, இங்கே வந்து அழுத்தினால் 20. நாலு தடவை மாற்றி மாற்றி அளந்தேன். மீட்டரே பொய் சொல்கிறதோ என்று பேட்டரியை மாற்றினேன். வோல்ட் அளக்க அந்த மீட்டருக்குப் பேட்டரியே வேண்டாம், அது எனக்கும் தெரியும். ஐம்பது வருடம் இந்த வேலை பார்த்தவன் அப்போது செய்த காரியம் அது. மனைவி வந்து சாப்பிடக் கூப்பிட்டாள், எரிந்து விழுந்தேன்.

கண்டுபிடித்தது பையன். எனக்கு வலது காது மந்தம். அவன் ஸ்பீக்கர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். "தாத்தா, நீங்க அந்த எட்டுல வைக்கறப்போ மட்டும் ம்ம்னு ஒரு சத்தம் வருது. எடுத்தா போயிடுது."

ஊசியை வைத்தேன். "வருது." எடுத்தேன். "போயிடுச்சு." வைத்தேன். "வருது." நான் அளக்கவில்லை, ஊசியால் அழுத்தி ரிப்பேர் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்து ஊசியை அழுத்தாமல், இறகு மாதிரி எட்டாம் காலின் உலோகத்தில் மட்டும் தொட்டேன். முள் 40-ஐத் தாண்டியது. அதே வயரின் மறுமுனையில், போர்டு பக்கம் தொட்டேன். சுழி. அரை விரல் நீள வயர் ஒன்றுதான், ஒரு நுனியில் 40, மறு நுனியில் ஒன்றுமில்லை. ஒரு மூங்கில் குச்சியால் வயரை லேசாக நெம்பினேன். டப் என்று ஸ்பீக்கர் துள்ளியது, பையன் கிட்டாரை மீட்டினான், பாடியது. குச்சியை எடுத்ததும் செத்தது.

டிரை சால்டர். வெளியே பார்க்க ஈயம் மொழுமொழுவென்று உருண்டு அழகாகத்தான் இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஈய உருண்டைக்கும் சாக்கெட் காலுக்கும் நடுவில் தலைமயிர் அளவுக்கு ஒரு கறுப்பு வளையம். ஈயம் காலில் ஒட்டவே இல்லை, மேலே சும்மா உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சாக்கெட் என் பழைய டப்பாவிலிருந்து எடுத்தது என்று சொன்னேன் அல்லவா? நாற்பது வருடக் களிம்பு ஏறிய கால். மற்ற ஏழு காலையும் சுரண்டிவிட்டு எட்டாவதை விட்டிருக்கிறேன், அல்லது அன்றைக்கு யாரோ கூப்பிட்டிருப்பார்கள், எழுந்து போயிருப்பேன். 16 வயதில் ஆறு மாதம் நான் செய்த ஒரே வேலை அதுதான்! சாம்ப் பெட்டியில் வால்வுகள் வவ்வால் மாதிரி தலைகீழாகத் தொங்கும். சூடு முழுக்க மேலே ஏறி நேராகச் சாக்கெட்டைத் தாக்கும். இருபது நிமிடம் ஓடினால் உலோகம் விரிந்து அந்தத் தலைமயிர் இடைவெளி திறந்துகொள்ளும். ஆறினால் மூடிக்கொள்ளும். ஒத்திகையில் மூக்கடைத்த மாதிரி கேட்டது அந்த இணைப்பு விட்டும் விடாமலும் இருந்த நேரம்.

பழைய ஈயத்தை முழுக்க உறிஞ்சி எடுத்தோம். காலைப் பிளேடால் பளபளவென்று வருகிற வரைக்கும் பையனையே சுரண்டச் சொன்னேன். அதற்குத் தனியாக ஈயம் பூசினோம். வயரைக் காலின் துளையில் கொக்கி போட்டு இறுக்கி, ஈயம் இல்லாமலே ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்து, அப்புறம்தான் பற்று வைத்தோம். அயர்னைக் காலில் வைத்து, ஈயத்தைக் காலில் உருக்க வேண்டும். அயர்ன் நுனியில் ஈயத்தை உருக்கிக் கொண்டுபோய் அப்பினால் இந்தக் கதைதான். கரண்ட் கொடுத்தோம். 361, 347, 20. ஸ்பீக்கரில் 'ம்ம்'.

அதோடு ஒரு வேலை கூடுதலாகச் செய்தேன். முதல் கண்டென்சருக்குக் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டன்ஸ் ஒன்றை நிரந்தரமாகப் பற்றவைத்தேன். ஃபெண்டரின் அந்தப் பழைய சர்க்யூட்டில் இது கிடையாது. எங்கள் பெட்டியில் இனி வால்வே இல்லாவிட்டாலும், அணைத்து ஒரு நிமிடத்தில் பத்து வோல்ட்டுக்குக் கீழே வந்துவிடும். அதற்காக மீட்டர் வைத்துப் பார்ப்பதை விடக் கூடாது, ரெசிஸ்டன்ஸும் ஒரு நாள் அறுந்துபோகும். வால்வு பெட்டி செய்கிற பையன்கள் அத்தனை பேரும் இதைப் போட்டுக்கொள்ளட்டும். பத்து ரூபாய்கூட ஆகாது.

எர்த் பற்றியும் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. படத்தில் ஒரு பெட்டிக்கு இரண்டு பின் பிளக் இருந்ததைக் கவனித்தேன். கிட்டார் கம்பி நேராகச் சேசிஸோடு சேர்ந்தது. உள்ளே ஏதாவது ஒரு வயர் சேசிஸைத் தொட்டுவிட்டால் கம்பியில் கரண்ட் வரும். கையில் கிட்டாரும் வாய்க்கு முன்னால் மைக்கும் வைத்துப் பாடுகிறவனுக்கு உதட்டில் அடிக்கும். மூன்று பின் பிளக் போட்டு, எர்த் வயரைச் சேசிஸில் தனியாகப் போல்ட் வைத்து முடுக்க வேண்டும். சுவரில் இருக்கிற சாக்கெட்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். எத்தனை மண்டபங்களில் அந்த மூன்றாவது ஓட்டை வெறும் ஓட்டையாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

வால்வே போகாது என்று நான் சொல்லவில்லை. போகும். உள்ளே ஒளிர்கிற கம்பி, அதாவது ஹீட்டர், அறுந்தால் ஒளி இருக்காது. காற்று புகுந்தால் உள்ளே வெள்ளி மாதிரி இருக்கும் பூச்சு பால் வெள்ளையாக மாறிவிடும், கண்ணாலேயே தெரியும். ஆனால் அளந்து பார்த்து, மற்றதெல்லாம் சரி என்று தெரிந்த பிறகு வால்வைக் குறை சொல்லட்டும். ரேடியோ கடையில் நான் பார்த்தவரை வால்வைவிடப் பற்றும் சாக்கெட்டும் கண்டென்சரும்தான் அதிகம் படுத்தின.

கட்டுரை எழுதிய தம்பியின்மேல் எனக்கு வருத்தமில்லை, நன்றாக எழுதியிருந்தார். ஆனால் அரையாண்டு விடுமுறை வரப் போகிறது. கட்டுரையைப் படித்துவிட்டுப் பெட்டியைத் திறக்கிற பையன்கள் இருப்பார்கள். வருகிற ஞாயிறே, அதே பக்கத்தில், கண்டென்சரைப் பற்றி நாலு வரி கட்டம் கட்டிப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். என் பெயர் வர வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே டெலிகாம் மெக்கானிக்,
பொன்மலை, திருச்சி.

பி.கு.: போய்விட்டது என்று பையன் கழற்றிப் போட்ட பழைய 6வி6-ஐ அன்றைக்கே திரும்ப மாட்டினோம். கேரல்ஸ் முழுக்க அதுதான் பாடியது, இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது. 2,500 ரூபாய் புது வால்வு அட்டைப் பெட்டியோடு என் அலமாரியில், அந்த மூன்று குண்டு பல்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. விற்றுவிடலாம் என்கிறான் பையன். இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.